முட்டை, கொட்டை, தழை

வேகவைத்த முட்டையைத் தனியாகத் தின்றால் தொண்டையை அடைக்கும். வெள்ளைக்கருவுக்கு மணம் குறைவு. இறுகிய மஞ்சள்கரு உமிழ்நீரை உறிஞ்சிக்கொண்டு நாக்கில் மாவாக ஒட்டும். இதைச் சரிசெய்ய வாயை வழவழப்பாக்கும் கொழுப்பு வேண்டும், அந்தக் கொழுப்பு திகட்டாமலிருக்கப் புளிப்பு வேண்டும், மூக்குக்கு வேலை கொடுக்கப் பச்சைத் தழை வேண்டும். மேற்கு ஐரோப்பியச் சமையலில் கொழுப்பைத் தருவது மயோனைஸ். கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஜார்ஜியாவில் அரைத்த அக்ரூட் பருப்பு. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஜாவாவிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த சமையலில், அரைத்த நிலக்கடலை.

சிம்பாங் ரெங்கம் ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், ஆயர் ஈத்தாமிலிருந்து கூலாய் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் உள்ள சிறு நகரம். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும்; தாழ்ந்த கரிமண் நிலங்களில் அன்னாசித் தோட்டங்கள். இப்பகுதியில் முட்டையும் கடலையும் தழையும் சந்திக்கும் இடம் பெச்சல் தட்டு. அவித்த கங்கோங் கீரை, தாவ்கே என்னும் முளைப்பயறு, பயத்தங்காய், முட்டைக்கோஸ், பொரித்த சோயாக் கட்டிகளான தாவு, தெம்பே, அழுத்திக் கட்டிய சோறான நாசி இம்பிட், மேலே பாதியாக அறுத்த முட்டை, எல்லாவற்றின் மீதும் கெட்டியான கடலைக் குழம்பு. குழம்பில் வறுத்த கடலையோடு காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, கருப்பட்டி, செக்கூர் கிழங்கு, லீமாவ் பூருட் இலை ஆகியவை இருக்கும்.

ஜார்ஜிய முட்டை சாலட் இதைவிட எளிது. வேகவைத்து நறுக்கிய முட்டை. வறுக்காத அக்ரூட், பச்சைப் பூண்டு, உப்பு சேர்த்து அரைத்த விழுது. புளிக்காடி அல்லது மாதுளைச் சாறு. கை நிறையக் கொத்தமல்லித் தழை, கூடவே சதகுப்பைத் தழையோ பார்சிலியோ. ஒரு சிட்டிகை நீல வெந்தயத் தூள். அக்ரூட் விழுதைக் கீரையோடு பிசைந்தால் ப்காலி; நீர்விட்டுத் தளர்த்தினால் பாஜே; கோழிக்கறிக்கு ஊற்றிக் குளிரவைத்தால் சத்சிவி. முட்டை சாலட் அந்தக் குடும்பத்தின் எளிய உறுப்பினர்.

இரண்டு தட்டுகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். பெரிய வேறுபாடு, ஜொகூரில் கொட்டை வறுபடுகிறது, ஜார்ஜியாவில் வறுபடுவதில்லை என்பது. மற்ற வேறுபாடுகளில் பல, அதாவது சர்க்கரை, மிளகாய், எந்தத் தழை, பூண்டு பச்சையா வதக்கியதா என்பவை, இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. அக்ரூட் கிடைக்காதபோது வறுத்த கடலையைப் போட்டால் போதும் என்று சமையல் குறிப்புகள் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் கிடைப்பது ஜார்ஜிய சாலட் அல்ல, அரைகுறையான பெச்சல்.

முட்டை இறுகும் விதம்

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதங்கள் எல்லாம் ஒரே சூட்டில் இறுகுவதில்லை. ஓவோடிரான்ஸ்ஃபெரின் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இளகிப் பின்னிக்கொள்ளத் தொடங்குகிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கும் மேலான ஓவல்புமின் 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகும். மஞ்சள்கரு இடையில், 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டிப்படுகிறது. சாலட்டுக்கு நறுக்க ஏற்றபடி வெள்ளைக்கரு உறுதியாக வேண்டும், மஞ்சள்கரு உதிர வேண்டும் என்றால், முட்டை முழுவதும் 80 டிகிரியைத் தொட வேண்டும். கொதிநீரில் இட்ட நடுத்தர முட்டைக்கு இதற்குப் பத்து, பதினொரு நிமிடம் ஆகும். அது சிம்பாங் ரெங்கம் போன்ற தாழ்நிலத்துக் கணக்கு. ஜார்ஜியாவின் ஸ்வனேத்தி மலைப்பகுதியில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் உஷ்குலி கிராமங்களில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கும் முட்டை இறுகும். நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

உரிக்கும்போது ஓட்டோடு சதை பிய்ந்து வருவது புது முட்டையின் குணம். இட்டவுடன் வெள்ளைக்கருவின் பி.ஹெச். அளவு சுமார் 7.6. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேற வெளியேற அது 9-ஐத் தாண்டும். அமிலத்தன்மை குறையக் குறைய, வெள்ளைக்கரு உட்சவ்வை விட்டு எளிதாகப் பிரிகிறது. ஜொகூரின் வெப்பத்தில், வெளியே அடுக்கிவைத்த முட்டைக்கு இந்த மாற்றம் சில நாட்களில் நடந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெள்ளைக்கருவின் கந்தகப் புரதங்கள் சூட்டில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகின்றன. அது மஞ்சள்கருவின் ஓரத்திலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிப் பச்சை கலந்த சாம்பல் வளையம் போடுகிறது. பி.ஹெச். உயர்ந்த பழைய முட்டையில் இந்த வாயு அதிகம். எளிதாக உரியும் முட்டைதான் எளிதாக வளையமும் போடும். கொதிநீரில் இட்டு, நேரத்தை அளந்து, எடுத்ததும் பனிக்கட்டி நீரில் போட்டால் இரண்டையும் சமாளிக்கலாம். வெளிப்புறம் குளிர்ந்ததும் வாயு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவதால் மஞ்சள்கருவை எட்டுவது குறைகிறது. வளையம் நஞ்சல்ல. ஆனால் வெளிறிய அக்ரூட் விழுதுக்குள் அது அழுக்காகத் தெரியும்; பழுப்பான பெச்சல் குழம்பில் யாரும் கவனிப்பதில்லை.

மஞ்சள்கருவின் எடையில் பாதி நீர், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. அந்தக் கொழுப்போடு லெசித்தின் முதலான பாஸ்போலிப்பிடுகள் இருக்கின்றன. எண்ணெயையும் நீரையும் ஒட்டவைக்கும் இவற்றின் ஆற்றல் வெந்த பின்னும் முழுதாகப் போய்விடுவதில்லை. வெந்த மஞ்சள்கருவைப் புளிக்காடியோடு பிசைந்து எண்ணெய் சேர்த்துச் செய்யும் கிரிபிஷ் என்ற பிரெஞ்சுக் கலவை அதற்குச் சான்று. ஆகவே ஓரிரு மஞ்சள்கருவைக் கொட்டை விழுதோடு சேர்த்து அரைத்தால் விழுது மேலும் வழவழப்பாகும். பல சமையலறைகளில் இதைக் காரணம் கேட்காமலேயே செய்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு செய்தி. மஞ்சள்கருவின் மஞ்சள் கோழி தானே உண்டாக்குவதல்ல, தீவனத்திலிருந்து வரும் லூட்டீன், சியாசாந்தின் என்னும் நிறமிகள். மக்காச்சோளத்தில் அவை ஓரளவு உண்டு. நிறம் போதாதபோது துலுக்கச் சாமந்திப் பூவிலிருந்து எடுத்த சாறு தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதற்காகவே அந்தப் பூ பயிராகிறது. ஜார்ஜியாவில் அதே இனத்துப் பூவின் காய்ந்த இதழைப் பொடித்து, இமெரேத்திக் குங்குமப்பூ என்ற பெயரில் அக்ரூட் விழுதில் நேரடியாகவே கலக்கிறார்கள். நிறமி கொழுப்பில் கரைவதால் விழுது முழுவதும் மஞ்சள் ஏறும்.

வறுத்ததும் வறுக்காததும்

அக்ரூட் பருப்பின் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் கொழுப்பு; நிலக்கடலையில் பாதி. அளவைவிட வகைதான் இங்கே முக்கியம். அக்ரூட் எண்ணெயில் பத்தில் ஆறு பங்கு லினோலிக் அமிலம், கூடவே பத்து சதவீதத்தைச் சுற்றி ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இவற்றின் கரிமச் சங்கிலியில் இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்தப் பிணைப்புகளுக்கு அடுத்த இடத்தைத்தான் முதலில் தாக்கும். ஒற்றை இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் லினோலிக் அமிலம் குறைந்தது பத்து மடங்கு வேகத்திலும், லினோலெனிக் அதைவிட வேகமாகவும் கெடுகிறது. நிலக்கடலை எண்ணெயில் சுமார் பாதி ஒலிக்.

இதனால்தான் அக்ரூட்டைக் கடுமையாக வறுப்பது நல்லதல்ல. வறுக்கும் சூடு எண்ணெய்த் துளிகளைச் சுற்றியுள்ள உறையை உடைத்து ஆக்சிஜனுக்கு வழிவிடுகிறது. வறுத்த அன்று வாசனை நன்றாகத்தான் இருக்கும். அரைத்துச் சில நாள் வைத்தால் சிக்கு வாடை முந்திக்கொள்ளும். வறுக்காத அக்ரூட்டிலோ பச்சை வாடை அவ்வளவாக இல்லை. அப்படியே தின்ன ஏற்ற பருப்பு அது.

நிலக்கடலை நேர் எதிர். அது உண்மையில் கொட்டையே அல்ல, பயறு. பச்சைக் கடலையை அரைத்தால் அவரை வாடை வரும். கடலையிலுள்ள நொதிகள் கொழுப்பைத் துண்டாக்கி ஹெக்சனால் போன்ற பொருள்களை உண்டாக்குவதே காரணம். வறுத்தால் நொதிகள் செயலிழக்கும். சூடு 150 டிகிரியைத் தாண்டும்போது கடலையின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பைரசீன்கள் என்னும் மணப்பொருள்களைத் தரும். கடலை மிட்டாய்க் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பிடிக்கும் மணம் அதுதான். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிவது பைரசீனின் இயல்பு. மெல்லிய தழை எதுவும் அதன் முன் நிற்காது. ஆகவே வறுத்த கடலைக் குழம்புக்குப் புளியும் மிளகாயும் செக்கூரும் போன்ற உரத்த துணைகள் வேண்டும். வறுப்பில் வரும் லேசான கசப்பை மூடக் கருப்பட்டியும் வேண்டும். ஜார்ஜிய விழுதில் சர்க்கரை இல்லாதது சிக்கனமல்ல, தேவையின்மை.

அக்ரூட்டுக்கும் ஒரு கசப்பு உண்டு, ஆனால் அது தோலில். மெல்லிய பழுப்புத் தோலில் எலாஜிடானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்து வீழ்படிவாக்குவதால்தான் நாக்கு சொரசொரக்கிறது. முட்டை இங்கே தன் பங்கைச் செய்கிறது: டானின் பிடித்துக்கொள்ள உமிழ்நீருக்கு முன்பே முட்டைப் புரதம் கிடைத்துவிடுகிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்பைக் குறைக்க முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து வடிகட்டும் பழைய ஐரோப்பிய முறையும் இதே வினையை நம்பியது. அக்ரூட்டும் முட்டையும் பொருந்துவதற்குப் பழக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

அக்ரூட் மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். காஷ்மீரிலும் இமயத்தின் பிற சரிவுகளிலும் வளர்வது மலாயாத் தீபகற்பத்தில் காய்க்காது. சிம்பாங் ரெங்கத்தில் கிடைப்பது பொட்டலத்தில் வரும் இறக்குமதிப் பருப்பு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பகலில் 32 டிகிரி தொடும் ஊரில் திறந்த பொட்டலத்தை அலமாரியில் வைப்பது வீண். காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வைப்பதே வழி. வாங்கும்போது ஒரு பருப்பை மென்று பார்த்தால் போதும். பெயின்ட் வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. லின்சீட் எண்ணெய்ப் பெயின்ட் உலர்வதும் இதே லினோலெனிக் வினையால்தான் என்பதால் இந்த வாடை தற்செயலானதல்ல.

கொழுப்பு வகையில் அக்ரூட்டுக்கு மிக நெருங்கியது மலாய்ச் சமையலின் பூவா கெராஸ். தமிழில் அதற்கு நாட்டு அக்ரோட்டு என்றும் பெயருண்டு. அதனாலேயே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பூவா கெராஸைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் பேதியும் வரும். ரெம்பா மசாலாவில் அரைத்து எண்ணெயில் நன்றாக வதக்கியே அதைப் பயன்படுத்துகிறார்கள். வறுக்காத ஜார்ஜிய விழுதில் அதற்கு இடமே இல்லை. முந்திரி ஏற்றது: கொழுப்பில் அறுபது சதவீதம் வரை ஒலிக் அமிலம், பச்சை வாடை இல்லை, அதிலுள்ள மாவுச்சத்து விழுதைக் கெட்டியாக்கும். அடுத்த இடம் வேகவைத்த நிலக்கடலைக்கு. வெந்நீர் நொதியை அடக்கும், ஆனால் பைரசீன் உண்டாகும் சூட்டை எட்டாது. கடலைதான் இருக்கிறது என்றால் வறுக்காமல் அவித்து அரைப்பது ஜார்ஜியச் சுவைக்கு அருகில் கொண்டுபோகும்.

நிலக்கடலை தென் அமெரிக்கச் செடி. 16-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே ஆசியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் நாடெங்கும் பரவியது. சிக்கு வாடையைத் தள்ளிப்போட, ஒலிக் அளவை 80 சதவீதத்தை ஒட்டி உயர்த்திய கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் அண்மையில் இந்தியாவில் வந்திருக்கின்றன. மலேசியத் தமிழரின் பெயரோடு கடலை ஒட்டிக்கொண்டது ஈப்போவில்: எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் புந்தோங்கில் வறுத்துப் பொரித்து விற்கும் கச்சாங் பூத்தே நாடறிந்தது.

கடலையில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஈரமும் 25 முதல் 35 டிகிரி வெப்பமும் சேர்ந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சை அதில் வளர்ந்து அஃப்ளாடாக்ஸின் நஞ்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு அடையாளம் காணப்பட்டது. மலேசியாவிலேயே 1988-இல், பேராக் மாநிலத்தில் நூடுல்ஸ் உண்ட குழந்தைகள் 13 பேர் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். அந்த நூடுல்ஸிலும் அஃப்ளாடாக்ஸின் இருந்தது. அது கடலையால் வந்ததல்ல. பூஞ்சைக்கு எந்த மாவும் போதும் என்பதே அதில் தெரிந்தது. வறுக்கும் சூடு பூஞ்சையைக் கொல்லும், நஞ்சை முழுதாக அழிக்காது. சுருங்கிய, நிறம் மாறிய, முளைப்பக்கம் கறுத்த பருப்புகளைப் பொறுக்கி எறிவது வீட்டில் செய்யக்கூடிய பயனுள்ள தடுப்பு. அக்ரூட்டுக்கும் இது பொருந்தும்.

விழுது வெளுப்பது எப்படி

கொட்டையின் உயிரணுக்களில் எண்ணெய் நுண்துளிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றின் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பாஸ்போலிப்பிடும் ஒலியோசின் என்ற புரதமும் சேர்ந்த உறை. அரைக்கும்போது உறைகள் கிழிந்து துளிகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. மாவாக இருந்தது திடீரென்று பளபளத்து இளகும். அந்த நிலையில் எண்ணெயில் திடப்பொருள் மிதக்கிறது.

இப்போது ஒரு கரண்டி நீர் விட்டால், எதிர்பார்ப்புக்கு மாறாக, விழுது இளகாமல் இறுகும். எண்ணெயில் மிதந்த புரதத் துகள்களும் மாவுத் துகள்களும் நீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுவதால் இப்படி ஆகிறது. பிசைந்தால் ஒட்டிய திட்டுகளுக்கு இடையிலிருந்து எண்ணெய் கசிந்து வெளியே வரும். ஜார்ஜியச் சமையற்காரர்கள் இந்தக் கட்டத்தில் விழுதைக் கையால் பிழிந்து எண்ணெயைத் தனியே எடுத்துவைத்து, பரிமாறும்போது சத்சிவியின் மேல் பொன்னிறப் பொட்டுகளாக விடுவார்கள். தமிழ்நாட்டுச் செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டியும் நீரும் சேர்ப்பதும் இதே காரணத்துக்காக: பிண்ணாக்கு ஒன்றாகத் திரண்டு எண்ணெயை வெளியே தள்ளும்.

நிறுத்தாமல் நீரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே கலக்கினால் ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாகும். அதுவரை எண்ணெயின் நடுவே நீர் இருந்தது; இனி நீரின் நடுவே எண்ணெய்த் துளிகள். கலவை சட்டென்று தளர்ந்து வெளுக்கும். எண்ணற்ற சிறு துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே வெளுப்புக்குக் காரணம்; பால் வெள்ளையாகத் தெரிவதும் அப்படித்தான். பருப்பின் புரதமும் முட்டையின் லெசித்தினும் துளிகளைச் சுற்றி நின்று மீண்டும் கூடாமல் தடுக்கும். இப்படிக் கிடைப்பது பால்மம். விழுது இறுகும் கட்டத்தில் பயந்து, எண்ணெய் சேர்த்து இளக்க முயல்பவர்கள் அதைக் கெடுத்துவிடுவார்கள். தேவை இன்னும் கொஞ்சம் நீர்தான்.

பெச்சலில் இதே மாற்றம் வேறு வரிசையில் வருகிறது. சம்பல் பெச்சல் சந்தையில் உலர்ந்த கட்டியாக விற்கப்படுவதுண்டு. வறுத்த கடலை, மிளகாய், கருப்பட்டி, புளி எல்லாம் இடித்து அழுத்திய கட்டி அது. கருப்பட்டி ஈரத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர் எளிதில் வளராது. தேவைப்படும்போது உடைத்து வெந்நீர் ஊற்றிக் கரைத்தால் குழம்பு. கடலையைச் சற்றுக் கொரகொரப்பாகவே விடுவது ஜாவா வழக்கம். முழு மழமழப்பை எதிர்பார்ப்பது அக்ரூட் விழுதில்தான். மின் அரைவையின் கத்தி சூடேற்றி எண்ணெயை முன்கூட்டியே பிரித்துவிடும். விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். அம்மியிலோ ஜாவா உரலிலோ அரைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கை வலிக்கும்.

புளிப்பு

ஜார்ஜிய விழுதில் புளிக்காடிக்குச் சுவைக்கு அப்பாலும் வேலை இருக்கிறது. பி.ஹெச். 9-ஐ ஒட்டிய வெள்ளைக்கருவோடு அக்ரூட் தோலின் பாலிஃபீனால்கள் சேர்ந்தால் விழுது சாம்பலும் ஊதாவுமாகக் கருக்கும். அமிலம் அந்த நிறமாற்றத்தைத் தடுத்து இளநிறமாகவே வைத்திருக்கும். அதனால் புளிக்காடியை விழுதில் முதலில் கலந்துவிட்டுப் பிறகுதான் முட்டையைச் சேர்க்க வேண்டும்.

சிம்பாங் ரெங்கத்தில் அன்னாசிக்குப் பஞ்சமில்லை. புளிக்காடிக்குப் பதில் அதன் சாற்றை விடலாமே என்று தோன்றும். பச்சைச் சாற்றில் புரோமெலைன் என்னும் புரதம் அறுக்கும் நொதிகள் உள்ளன. வெந்து விரிந்த முட்டைப் புரதம் அவற்றுக்கு எளிய இரை. வைக்க வைக்கக் கலவை தளர்ந்து, புரதத் துண்டுகளால் கசப்பேறும். சாற்றைக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். அப்போது அது நல்ல புளிப்பு. பழமும் காயும் கலந்த ரோஜாக்கில் கடலைக் குழம்போடு பச்சை அன்னாசி ஒத்துப்போகிறது என்றால், அது கலந்த கையோடு தின்று தீர்க்கப்படுவதால்.

தழையும் பூண்டும்

கொத்தமல்லித் தழையின் மணம் டெகனால், டெசினால், டோடெசினால் போன்ற பத்து, பன்னிரண்டு கரிம அணு கொண்ட ஆல்டிஹைடுகளால் ஆனது. சோப்பு வாடை என்று சிலர் முகம் சுளிப்பதும் இவற்றைத்தான். 2012-இல் வெளியான ஆய்வு இதை ஓ.ஆர்.6ஏ2 என்ற மூக்கு உணரி மரபணுவுக்கு அருகிலுள்ள வேறுபாட்டோடு தொடர்புபடுத்தியது. ஜொகூர் லக்சாவில் போடும் டாவுன் கெசும் கொத்தமல்லிக்கு உறவே இல்லாத செடி. ஆனால் அதன் எண்ணெயிலும் முன்னிற்பவை டெகனாலும் டோடெகனாலும்தான். அக்ரூட் சாலட்டுக்கு உள்ளூர்த் தழை தேட வேண்டுமென்றால் கெசும் முதலில் நிற்கும். அளவு மட்டும் குறைய வேண்டும், ஏனெனில் அது நாக்கில் காரம் வைக்கும்.

இந்த ஆல்டிஹைடுகள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். கொட்டை விழுது அவற்றைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவதால் முதல் கடியில் மூக்கில் அறையாமல் கடைசி வரை மணம் நீடிக்கிறது. அரைக்கும்போது இலையின் சொந்த நொதிகள் ஆல்டிஹைடுகளை மணமற்ற பொருள்களாக மாற்றத் தொடங்குகின்றன. ஆகவே கொத்தமல்லி பிடிக்காதவர்களுக்கு விழுதோடு சேர்த்து அரைத்துக் கொடுக்கலாம். பிடித்தவர்களுக்குப் பொடியாக நறுக்கிக் கடைசியில் தூவலாம்.

பெச்சலின் மணங்கள் வேறு வகை. லீமாவ் பூருட் இலையில் சிட்ரோனெல்லால், செக்கூரில் கற்பூரச் சாயல் கொண்ட எத்தில் மெத்தாக்சிசின்னமேட். செக்கூரைத் தமிழ் மருத்துவம் கச்சோலம் என்று அறியும். இரண்டும் பைரசீனோடு போட்டியிட்டு நிற்கக்கூடியவை. ஜார்ஜியாவின் நீல வெந்தயம் சாதாரண வெந்தயத்தைவிட மென்மையானது, கசப்பும் குறைவு. அதன் இடத்தில் காய்ந்த வெந்தயக் கீரைப் பொடி பொருந்தும், வெந்தயத் தூள் கசந்துவிடும்.

பூண்டிலும் பச்சை, வறுவல் பிரிவு தொடர்கிறது. பல்லை நசுக்கும்போது அலியினேஸ் நொதி அலியினைத் தொட்டு அலிசினாக்குகிறது. காரம் அதிலிருந்து வருகிறது. எண்ணெயில் வதக்கினால் நொதி செத்து இனிப்பு மிஞ்சும்; பெச்சலுக்கு அது. அக்ரூட் விழுதுக்குப் பச்சைப் பூண்டு. நசுக்கியதும் புளிக்காடியில் போட்டால் நொதி மட்டுப்பட்டுக் காரம் அடங்கும். உப்போடு நசுக்கிச் சில நிமிடம் வைத்துப் பிறகு சேர்த்தால் உறைக்கும்.

செய்முறையும் வைப்பும்

ஜார்ஜிய சாலட்டுக்கு, நான்கு பேர் கணக்கில் ஆறு முட்டை, நூறு கிராம் அக்ரூட், இரண்டு பூண்டுப் பல், ஒரு மேசைக்கரண்டி புளிக்காடி, அரைத் தேக்கரண்டி நீல வெந்தயம் அல்லது வெந்தயக் கீரைப் பொடி, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அதில் பாதி பார்சிலி, உப்பு, விரும்பினால் மிளகாய்த்தூள். அக்ரூட்டை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்துத் துடைத்தால் தோலின் துவர்ப்பில் ஒரு பகுதி நீரோடு போகும். பூண்டும் உப்பும் சேர்த்து அரைத்து, புளிக்காடி, பிறகு ஒரு மஞ்சள்கரு, பிறகு நான்கைந்து கரண்டி குளிர்ந்த நீர் என்ற வரிசையில் சேர்க்க வேண்டும். விழுது வெளுத்துத் தயிர்ப் பதத்துக்கு வந்ததும், முழுதாக ஆறிய முட்டைகளை நறுக்கிப் புரட்டலாம். சூடான முட்டையைச் சேர்த்தால் நீர்விடும். அக்ரூட்டுக்கோ கடலைக்கோ முந்திரிக்கோ ஒவ்வாமை உள்ளவருக்கு இது எதுவும் கூடாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்பது சுவைக்கு மட்டுமே பொருந்தும், ஒவ்வாமைக்குப் பொருந்தாது.

உரித்த முட்டைக்கு ஓட்டின் காப்பு இல்லை; விழுதின் நீரும் புரதமும் நுண்ணுயிருக்கு உணவு; இவ்வளவு புளிப்பு அவற்றைத் தடுக்கப் போதாது. வெளியே வைக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நண்பகலில் அது ஒரு மணியாகக் குறையும், திறந்த கூடாரத்தில் நடக்கும் கெண்டூரி விருந்துக்கு இதைக் கொண்டுபோக நினைப்பவர்கள் பனிக்கட்டிப் பெட்டியையும் கொண்டுபோக வேண்டும். குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் கீழே மூன்று நாள் தாங்கும். ஆனால் தழை அவ்வளவு நாள் தாங்காது: புளிக்காடியின் அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசிய அணுவை வெளியேற்றி, மறுநாளே பச்சையைப் பாசிப் பழுப்பாக்கிவிடும். வைத்துத் தின்பதாக இருந்தால் விழுதையும் முட்டையையும் மட்டும் கலந்து மூடிவைத்து, தழையை அவ்வப்போது நறுக்கிச் சேர்த்துக்கொள்வதே முறை.